சஹனில் கடைசிக் கை

வலி என்னை முதன்முதலில் பிடித்தது ஒரு கலியாண வீட்டில், வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்த பிறகு.

மாத்தளைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் விருந்து என்றால் சஹன் சாப்பாடுதான். பாய் விரித்து நடுவில் ஒரு பெரிய தட்டு. அதில் குவித்த சோறு, அதன்மேல் இறைச்சியும் கோழியும். சுற்றி ஆறு பேர் நிலத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாக, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. ஒருவருடைய கை இன்னும் தட்டில் இருந்தால் மற்றவர்கள் எழும்பமாட்டார்கள். அவர் கூச்சப்படாமல் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று, வயிறு நிறைந்தவர்களும் சும்மா நாலு சோற்றைக் கிள்ளிக்கொண்டு இருப்பார்கள்.

அன்று எல்லோரும் முடித்திருந்தோம். எழும்பலாம் என்று உடம்பை முன்னால் சாய்த்தேன். இடுப்பில் தொடங்கி, வலது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கால் பெருவிரல் வரைக்கும் ஏதோ ஒன்று சுரீரென்று இழுத்தது. மூச்சு நின்றுவிட்டது. இன்னொரு முறை முயன்றேன். அதே இழுவை.

எழும்ப முடியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பாடசாலையில் நாள் முழுக்க நின்றபடி கணிதம் படிப்பிக்கிறவள். ஆகவே குனிந்து சோற்றைக் கிள்ளத் தொடங்கினேன். அதைக் கண்டு மற்ற ஐந்து பேரும் மரியாதைக்குக் கிள்ளத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்த என் மச்சி, அதாவது என் கணவரின் அக்கா, எனக்கு இன்னும் பசி என்று நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்த கோழியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார்.

"சாப்புடு புள்ள. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னு ஓடி, நீ ஒழுங்கா சாப்புடுறதே இல்ல."

சாப்பிட்டேன். வேறென்ன செய்வது. தள்ளத் தள்ளச் சாப்பிட்டேன். கடைசியில் தட்டில் ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகுதான் உண்மையைச் சொன்னேன். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து என்னைத் தூக்கினார்கள்.

இதே வலியோடு எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு நடந்ததெல்லாம் உங்களுக்கும் நடக்கும் என்று இல்லை. ஆனால் எனக்கு நடந்ததில் ஒன்றாவது உங்களுக்கு நடக்காமல் இருக்கவேண்டும். அது எது என்று போகப்போகத் தெரியும்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் எல்லோரும் எனக்கு வைத்தியர் ஆனார்கள். வாயு என்றார் ஒருவர். குளிர் பிடித்திருக்கிறது என்றார் இன்னொருவர். மெத்தையை மாற்று, நிலத்தில் படு, நிலத்தில் மட்டும் படுக்காதே என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வராதவர்களிடம்தான் மருந்து அதிகம் இருக்கிறது என்பதையும் நான் அப்போது கண்டுகொண்டேன்.

வலியைவிட என்னைப் பயப்படுத்தியது செருப்பு. ஒருநாள் மாத்தளை டவுனில் நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து மீன் விற்கிறவர் சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார், டீச்சர், உங்கள் செருப்பு விழுந்துவிட்டது என்று. திரும்பிப் பார்த்தேன். வலது செருப்பு தெருவில் கிடந்தது. நான் ஒற்றைச் செருப்போடு கொஞ்ச தூரம் வந்திருக்கிறேன். பாதத்துக்கு அது தெரியவே இல்லை.

அன்றிரவே கணவரிடம் சொன்னேன். அவர் பெயர் நிஸார். அலுவிகாரைக்காரர். டவுனில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை வைத்திருக்கிறார். வாப்பா காலத்துக் கடை. மனிதர் குளித்துவிட்டு வந்தாலும் கராம்பு வாசம்தான் அடிக்கும்.

அவர் என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார். இடது விரல் எழும்பியது. வலது விரல் யோசித்தது.

"நாளைக்கே டொக்டர்கிட்ட போறோம்" என்றார்.

மாத்தளையில் பார்த்த டொக்டர் எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்பின் உள்ளே எடுக்கிற படம்) எடுக்கச் சொல்லி, கண்டியில் ஒரு வலி நிபுணரிடம் அனுப்பினார். அவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. அதிகம் சிரிக்காத முகம். படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனையால் தொட்டுக் காட்டினார்.

"இதில பாருங்கோ. நாலாவது எலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில இருக்கிற தட்டு பின்னுக்குப் பிதுங்கியிருக்கு. அது இந்த நரம்பு வேரை நசிக்குது. நோ காலில, காரணம் முதுகில."

அவர் நோ என்றது வலியை. நரம்பு வேர் என்பது முள்ளந்தண்டை விட்டு நரம்பு வெளியே கிளம்புகிற இடம். மரத்தின் வேர் போல அங்கிருந்துதான் அது காலுக்குப் பிரிந்து போகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் நசிந்தால் போதும், பாதம் வரைக்கும் எரியும், மரத்துப்போகும், பலம் குறையும்.

எபிடியூரல் ஊசி போடலாம் என்றார் (முள்ளந்தண்டின் உள்ளே, நரம்புகளை மூடியிருக்கிற உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டெரொயிட் மருந்தைச் செலுத்துவது).

"ஊசி போட்டா சுகமாயிடுமா?" என்று நிஸார் கேட்டார்.

"வீக்கத்தைக் குறைக்கும். பிதுங்கினதை உள்ளுக்குத் தள்ளாது. அது தன்ரபாட்டில சுருங்கக் காலம் வேணும். அந்தக் காலத்தை நோ இல்லாமக் கடக்கத்தான் இந்த ஊசி. ஆனா பாதம் இன்னும் பலம் குறைஞ்சா காத்திருக்க ஏலாது. ஒப்பரேசன்தான்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் ஏதும் கேக்கப்போறியளோ, அம்மா?"

கேட்க நூறு கேள்வி இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "எனக்குத் திரும்ப நெலத்துல உக்கார ஏலுமா?"

எதற்கு என்று கேட்டார். சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து நிஸார் வந்ததும், வீட்டில் நாங்கள் நாலு பேரும் ஒரு சஹனில்தான் பகல் சாப்பாடு சாப்பிடுவோம். அவர், நான், மகள் ஹஸ்னா, எங்களோடு இருக்கிற மச்சி. கலியாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போது அவர்கள் மூன்று பேரும் நிலத்தில். எனக்கு உட்கார்ந்தாலே வலி என்பதால், தனிப் பீங்கானில் சோறு போட்டு, அலுமாரியில் சாய்ந்து நின்றபடி சாப்பிடுகிறேன். மேலே இருந்து பார்த்தால் மூன்று உச்சந்தலைகள் மட்டும் தெரிகின்றன.

நிபுணர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "ஏலும் எண்டு இப்ப சொல்லமாட்டன். ஏலாது எண்டும் சொல்லமாட்டன்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஊசிக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முதல் நாள்தான் அந்தக் காரியம் நடந்தது.

நான் வலியில் தூக்கமில்லாமல் புரள்வதைப் பார்த்துப் பார்த்து நிஸாருக்கு மனசு கேட்கவில்லை. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்தில், கராம்பு இலையைக் காய்ச்சி எண்ணெய் இறக்குகிற ஒருவரிடமிருந்து ஒரு சின்னப் போத்தல் வாங்கி வந்தார். கராம்பால் ஆகாத காரியம் உலகத்தில் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. பல் வலிக்குக் கராம்பு, வயிற்றுக்குக் கராம்பு, இருமலுக்குக் கராம்பு. முதுகுக்கு மட்டும் ஆகாதா?

"இது அசல். கலப்படம் ஒன்டுமில்ல" என்று சொல்லி, என் இடுப்பில் அந்த எண்ணெயை அப்படியே ஊற்றித் தேய்த்தார். முதலில் எரிந்தது. பிறகு எரிவு போனது. அதன்மேல் சுடுதண்ணிப் பையை வைத்து, ஒரு துவாயால் சுற்றிக் கட்டிவிட்டார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். அத்தனை மாதத்தில் அப்படி ஒரு சுகம் எனக்குக் கிடைத்ததில்லை. வலி இல்லை, சூடு இல்லை, ஒன்றுமே இல்லை. இந்த மனிதருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன்.

காலையில் உடுப்பு மாற்ற உதவி செய்த ஹஸ்னா, "உம்மா, இது என்ன?" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. இடுப்பில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, கொப்புளம் போட்டு, சில இடத்தில் உரிந்துமிருந்தது. எனக்கு எரிவோ வலியோ ஒன்றும் தெரியவில்லை.

ஆனாலும் கண்டிக்குப் போனோம். நிபுணர் முதுகைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது ஆர் செய்தது?"

என் வகுப்புப் பிள்ளைகள் உயர்த்துவது போல நிஸார் மெதுவாகக் கையை உயர்த்தினார். நடந்ததைச் சொன்னார். அசல் எண்ணெய் என்பதையும் விடாமல் சொன்னார்.

"பல்லு நோவுக்கு ஏன் கராம்பு வைக்கிறனீங்கள்? அது விறைக்கப் பண்ணும். நீங்கள் அவவின்ரை தோலை விறைக்கப் பண்ணிப்போட்டு, அதுக்கு மேல சுடுதண்ணியை வச்சிருக்கிறியள். சுடுறது அவவுக்கு எப்பிடித் தெரியும்?" அவர் குரல் உயரவில்லை. "காயப்பட்ட தோலுக்குள்ளால ஊசி போட்டா கிருமி நேரா முள்ளந்தண்டுக்குள்ள போகும். நான் போடமாட்டன். காயம் முழுக்க ஆறினாப் பிறகு வாங்கோ."

கூலிக்குப் பிடித்த காரில் திரும்பினோம். நான் பின் ஆசனத்தில் படுத்திருந்தேன். நிஸார் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். எனக்கு அடக்கமுடியாத கோபம். இவ்வளவு நாள் காத்திருந்து, கிடைத்த நாளும் போய்விட்டதே. இந்தக் காத்திருப்பில் பாதம் போய்விட்டால்? அக்குறணையில் வழக்கம் போல வாகனங்கள் நெரிந்து நின்றன. அவர் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்.

"அந்த மனுசன் அசல்னுதான் சொன்னான்."

"அசல்தான்" என்றேன். "அதனாலதான் இப்பிடி வெந்து ஈக்குது."

டிரைவர் முதலில் சிரித்தார். பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. என் கோபம் அங்கேயே விட்டுப்போனது.

இதைத்தான் முன்னால் சொன்னேன். ஊசிக்கு நாள் குறித்த பிறகு முதுகில் எண்ணெய், பத்து, ஒத்தடம் எதுவும் வேண்டாம். அன்பாகக் கொண்டுவந்தாலும் வேண்டாம். நீங்கள் குடிக்கிற மருந்துகளையும், முக்கியமாக இரத்தத்தை இளக்குகிற மாத்திரைகளையும், நீரிழிவு இருந்தால் அதையும் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காயம் ஆறச் சில கிழமைகள் எடுத்தன. அந்த நாட்களில் பாதத்தைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். பலம் திடீரென்று குறைந்தாலோ, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதத்தைப் பார்க்கிற பொறுப்பை நிஸார் எடுத்துக்கொண்டார். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்காருவார். என் பெருவிரலின் மேல் அவருடைய உள்ளங்கையை வைத்து, "தள்ளுங்க" என்பார். தள்ளுவேன்.

"இன்டைக்கு நேத்தைய விட நல்ல பெலன்."

தினமும் இதையேதான் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்தது. கையைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, என் விரல் தொட்டதும் அவரே கையைத் தூக்கிக்கொள்கிறார்.

"நீங்க கைய அமத்தவே இல்லியே."

"அமத்தினேன்தானே" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கடையில் கராம்பை நகத்தால் கிள்ளி எண்ணெய் பார்த்து, தரமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுகிறவர், என் கால்விரல் விஷயத்தில் மட்டும் ஏமாற்றினார். அதன் பிறகு ஹஸ்னாதான் பிடித்தாள். அவள் இரக்கமில்லாமல் அழுத்துவாள். "அப்பிடியேதான் ஈக்குது உம்மா. கூடவும் இல்ல, கொறயவும் இல்ல" என்பாள். அதைக் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

வெள்ளிக்கிழமைகளில் அலுமாரியில் சாய்ந்து நின்று சாப்பிட்டேன். உட்கார்ந்து சாப்பிடுவதுதான் ஸுன்னத், அதாவது நபி வழி, என்று எனக்கு ஒரு உறுத்தல். "நோயாளிக்குச் சலுகை ஈக்குது புள்ள, மனச வருத்திக்காத" என்பார் மச்சி. சஹனிலிருந்து நல்ல துண்டாக எடுத்து, எழும்பி வந்து என் பீங்கானில் வைப்பார். அவருக்கும் முழங்கால் வலி. ஒருநாள் சோற்றை விழுங்க முடியாமல் நான் அழுதுவிட்டேன். வலியால் அல்ல. எனக்கு அவர்கள் பக்கத்தில் உட்காரவேண்டும், அவ்வளவுதான்.

ஊசி நாள் வந்தது. குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்தார்கள். கிருமிநாசினி ஐஸ் போல இருந்தது. நிபுணர் வாசல் வரைக்கும் போய், வெளியே நின்ற நிஸாரிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"இந்த முறை ஒண்டும் பூசேல்லைத்தானே?"

"குளிக்கிற சவக்காரம் கூட போடல டொக்டர்."

நிபுணர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

முதலில் தோலை மரக்கச் செய்யும் ஊசி. அது குளவி கொட்டியது போலச் சுருக்கென்றது. பிறகு எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே நீளமான ஊசியை மெதுவாக உள்ளே கொண்டுபோனார். வலி என்று சொல்லமுடியாது. யாரோ கட்டைவிரலால் உள்ளிருந்து அழுத்துவது போல. ஊசி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, திரையில் தெரிகிற ஒரு மருந்தைச் செலுத்தினார். அதன் பிறகு ஸ்டெரொயிட், மரக்கச் செய்யும் மருந்தும் கலந்து. அது போகும்போது அந்தப் பழைய வலி, கலியாண வீட்டில் என்னைப் பிடித்த அதே வலி, இடுப்பிலிருந்து பெருவிரலுக்கு ஓடியது.

"காலுக்குள்ள போகுதோ? வழமையாப் போற வழிதானோ?"

"அதே வழிதான் டொக்டர்."

"அப்ப நாங்கள் சரியான வாசலுக்குத்தான் வந்திருக்கிறம். கொஞ்சம் பொறுங்கோ, முடியுது."

முடிந்தது. என் பயத்தைவிட ஊசி சின்னது. ஒரு காலம் நான் இதை ஒப்பரேசன் அளவுக்கு நினைத்துக் கலங்கியிருந்தேன். கால் கனத்திருந்ததால் உடனே நடக்கவிடவில்லை. சிறிது நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்று மாலை வலியே இல்லை. நிஸார் ஊருக்கே போன் பண்ணிச் சொன்னார். மறுநாள் வலி திரும்பி வந்து உட்கார்ந்தது. அவர் முகம் விழுந்துவிட்டது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் நாள் சுகம் மரக்கச் செய்யும் மருந்தால் வருவது. ஸ்டெரொயிட் வேலை செய்யச் சில நாட்கள் எடுக்கும். சிலருக்கு வேலை செய்யாமலும் போகலாம், இன்னொரு ஊசி தேவைப்படலாம். எனக்கு அது மெல்ல மெல்ல வேலை செய்தது. ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் வலியை நினைக்காமல் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன் என்று உணர்ந்தேன்.

வலி குறைந்ததும் உடற்பயிற்சி தொடங்கியது. பயிற்சி தந்த பெண் நடக்க, குனிய, படுக்கையிலிருந்து எழும்ப எல்லாவற்றையும் முதலிலிருந்து படிப்பித்தாள். பல கிழமைகள் கழித்து ஒரு சுபஹு நேரம், ஹஸ்னா தூங்கிக்கொண்டிருந்ததால், நிஸாரே கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். வழக்கம் போல உள்ளங்கையைப் பட்டும் படாமலும் வைத்தார். தள்ளினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை உண்மையாகவே அழுத்தினார். எனக்கு வித்தியாசம் தெரிந்தது. தள்ளினேன். என் விரல் அவர் கையை மேலே தூக்கியது.

"ஹஸ்னா, இஞ்ச வாங்க" என்று கூப்பிட்டார். "என்ட கைய நம்ப ஏலாது. நீங்க புடிச்சுப் பாருங்க."

அவள் தூக்கக் கலக்கத்தோடு வந்து அழுத்திப் பார்த்தாள். "நல்லா ஈக்குது வாப்பா" என்றாள். அவர் என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். இத்தனை வருடத்தில் சொன்னதில்லை.

நிலத்தில் உட்காருவதற்கு நிபுணர் கடைசியாகத்தான் அனுமதித்தார். அதிக நேரம் இல்லை, கூன் போடாமல், கீழே ஒரு தடித்த குஷன் வைத்து. இறங்கும்போது நாற்காலியைப் பிடித்து ஒரு முழங்கால், பிறகு மற்றது. எழும்பும்போது அதே வழியில் திரும்பி வரவேண்டும். அவசரப்படக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை நான் இறங்குவதை மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். உட்கார்ந்தேன். சஹன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உச்சந்தலைகள் போய் முகங்கள் வந்திருந்தன. மச்சி ஒரு துண்டு இறைச்சியை என் பக்கம் தள்ளினார்.

சாப்பிட்டு முடித்தோம். எழும்பலாம் என்று நினைத்தேன். கால் இறுகியிருந்தது. இப்போது என் உடம்பு அப்படித்தான். ஒன்றைச் செய்யச் சொன்னால் கொஞ்சம் பொறு என்கிறது. முன்பெல்லாம் எழும்புவது என்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. இப்போது நான் என் காலிடம் கேட்கிறேன், அது பதில் சொல்லும் வரை காத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பில் முன்பு வந்த பயம் இல்லை.

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். ஒருவரும் எழும்பவில்லை. மச்சி சப்பி முடித்த எலும்பைத் திரும்பவும் சப்பிக்கொண்டிருந்தார். ஹஸ்னா விளிம்பில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் சேர்த்துக்கொண்டிருந்தாள். நிஸார், டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிற மனிதர், தட்டை வழித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"இன்னம் பசியா?" என்று அவரிடம் கேட்டேன்.

"ம். இந்தப் பக்கம் கொஞ்சம் சோறு ஈக்குது."

அவர் பக்கத்தில் ஒரு சோறும் இல்லை. கால் சம்மதித்ததும் நாற்காலியைப் பிடித்து, ஒரு முழங்கால், மற்ற முழங்கால் என்று மெதுவாக எழும்பினேன். நான் நிமிர்ந்து நின்ற பிறகுதான் அவர் சஹனிலிருந்து கையை எடுத்தார்.